இறுகிய பாறையில் வாயு: கணக்கில் விடக்கூடாத பிழைகள்

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு டார்சியின் விதி, அதாவது அமுக்க வித்தியாசம் கூடினால் பாய்ச்சல் கூடும், பாதை நீண்டால் குறையும் என்பது, சட்டென்று பிடிபடும். ஒரு முனையில் விசிறி, வலைமேல் கொழுந்து, இடையில் நுழைந்துவரும் காற்று. தடிப்பாகப் பரப்பினால் காற்று குறையும். சரி, அதே சமன்பாட்டை இறுகிய பாறைக்கும் அப்படியே போடும்போதுதான் வம்பு.

டார்சி 1856இல் எழுதியது மணலில் ஓடும் தண்ணீருக்கு. கொழுந்துக்குள் அமுக்க வித்தியாசம் சொற்பம் என்பதால் தண்ணீர்க் கணக்கே போதும். பாறைக்குப் போதாது. நுவரெலியாவில், ஊடுபுகவிடுமியல்பை (பாறை வாயுவைத் தன்னூடாக எவ்வளவு விடுகிறது என்பதை) அளக்க, ஒரு பாறை உருளைக்குள் நைதரசனை அனுப்புகிறோம் என்று வையுங்கள். உள்வாயில் மானி 100 கிலோபஸ்கால் காட்டுகிறது, வெளிவாய் திறந்திருக்கிறது. உள்ளே நெருங்கியிருக்கும் வாயு வெளியே வர வர விரியும். ஆகவே வெளிவாயில் அளந்த பாய்ச்சலுக்கு, அமுக்க வர்க்கங்களின் வித்தியாசத்தை வெளிவாய் அமுக்கத்தின் இரு மடங்கால் வகுத்துப் போடவேண்டும். வெறும் வித்தியாசத்தைப் போட்டால், இங்கே ஊடுபுகவிடுமியல்பு 60 வீதத்துக்கு மேல் கூடிவிடும்.

மானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலுள்ள மிச்சம் மட்டும். அதோடு கடல்மட்ட வளியமுக்கமான 101 கிலோபஸ்காலைக் கூட்டுவது கொழும்புப் பழக்கம். நுவரெலியாவின் 1868 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் ஏறத்தாழ 81தான். 101 போட்டால் விடை 8 வீதம் கூடும். மேலே பருப்பு வேகச் சுணங்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், கணக்கு எழுதும்போது மட்டும் மறந்துபோகும்.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது இன்னொன்று. ஒரே அமுக்கத்தில் ஒரு தடவை அளந்துவிட்டு, அதையே பாறையின் இயல்பு என்று எழுதுவது. கடல்மட்ட அமுக்கத்தில் காற்று மூலக்கூறு இன்னொன்றில் மோதுமுன் சராசரியாக 70 நனோமீற்றர் அளவு ஓடுகிறது. இறுகிய பாறையில் பல துளைகளின் அகலமே அவ்வளவுதான், சில இன்னும் சிறியவை. அங்கே வாயு சுவரோரம் நிற்காமல் வழுக்கிப் போகும். அமுக்கம் குறையக் குறைய ஊடுபுகவிடுமியல்பு கூடியதுபோலத் தோன்றும் என்று கிளிங்கன்பேர்க் 1941இல் காட்டினார். நாலைந்து அமுக்கங்களில் அளந்து, சராசரி அமுக்கத்தின் நிகர்மாறுக்கு எதிரே வரைந்து, கோட்டைப் பூச்சியம்வரை நீட்டிப் படியுங்கள். ஆனால் மூலக்கூறின் ஓட்டத்தூரம் துளையின் பத்தில் ஒன்றைத் தாண்டினால் அந்த நேர்கோட்டையும் அப்படியே நம்பாதீர்கள்.

அப்புறம், கண்டிப் பக்கத்து நைஸ் போன்ற உருமாறிய பாறையில் வாயுவுக்குப் பெரும்பாலும் மயிரிழை வெடிப்புகளே பாதை. மண்ணுக்கடியில் நெருக்கம் ஏறினால் அவை மூடிக்கொள்ளும். மேசையில் தளர்வாக வைத்து அளந்த எண்ணை ஆழத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.