காட்டுத்தீக்குப் பின் சிறு நிதி: நான் சறுக்கிய இடங்கள்

போன மாதம் ஒரு சின்னக் குழுவினர் தங்கள் சிறு நிதி விண்ணப்பத்தைப் பார்த்துத் தரச் சொல்லி வந்தார்கள். கோப்புக்குள் ஒரு ரசீது எட்டிப் பார்த்தது. “நல்ல விலைக்கு வந்தது, முன்பணம் கட்டிவிட்டோம்” என்றார்கள் சந்தோஷமாக. எனக்கு வயிற்றைக் கலக்கியது. சில வருடங்களுக்கு முன் நான் அடித்த அதே கூத்து.

கையெழுத்து மறப்பது, கடைசி நாள் ராத்திரி இணையதளம் தொங்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு தடவை பட்டால் தானாகத் தெரிந்துவிடும்.

ஒப்புதல் வருமுன் செலவு செய்வது

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், புத்தாண்டுக்கு முந்தைய நாள் தீக்குத் தப்பி மல்லகூட்டா ஊர்க் கடற்கரையில் சுமார் 4,000 பேர் ஒதுங்கி நின்றார்களே, அந்த 2019-20 கோடையில்தான் எங்கள் கிழக்கு கிப்ஸ்லாந்து வட்டாரம் எரிந்தது. வீடு தப்பியவர்களில் பலருக்கும் கொட்டகை போயிருந்தது. கொட்டகையோடு ரம்பம், டிரில், வேலிக் கம்பியை இழுத்துக் கட்டும் கருவி எல்லாம் போயிற்று. கருவிகளைப் பொதுவில் வைத்தால் ஆளாளுக்கு எடுத்துப் போய்த் திருப்பித் தரலாம், அந்தச் சாக்கில் நாலு பேர் முகம் பார்க்கலாம் என்று யோசித்தோம். வைப்பதற்கு ஒரு பழைய கன்டெய்னர் வேண்டும்.

விண்ணப்பம் போட்டாயிற்று, முடிவு தெரிய மூன்று மாதம் ஆகும். நடுவில் கன்டெய்னர்காரர் போன் செய்தார்: இன்னொருத்தர் கேட்கிறார், நாளைக்குள் சொல்லுங்கள். என் கார்டிலேயே 1,800 டாலர் கட்டினேன். நிதியும் வந்தது. ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: ஒப்புதல் தேதிக்கு முந்தைய செலவு சேராது. ரசீது பத்தொன்பது நாள் முந்தியது. கெஞ்சியும் நடக்கவில்லை.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. சிறு நிதி தருபவர்களில் பெரும்பாலோர் முடிந்துபோன செலவுக்குப் பணம் தருவதில்லை. “எங்கள் பணம் இல்லாமலே நடந்த காரியத்துக்கு எங்கள் பணம் எதற்கு” என்பது அவர்கள் கணக்கு. நாலு சனிக்கிழமை சாசேஜ் சுட்டு விற்றுத்தான் அந்த ஓட்டையை அடைத்தோம். வீடே போனவர்கள் வரிசையில் நின்று அதை வாங்கிச் சாப்பிட்டது இன்னும் உறுத்துகிறது.

தீயில் இழந்தவனுக்குக் காத்திருக்கும் பொறுமை இருக்காது, புரிகிறது. ஆனால் கொட்டேஷன் வாங்கும்போதே அது எத்தனை நாள் செல்லும் என்று எழுதி வாங்குங்கள். திட்டம் தொடங்கும் தேதியை, முடிவு அறிவிக்கும் நாளுக்குச் சில வாரம் தள்ளியே போடுங்கள். அவசரம் என்றால் முதலில் நிதி அலுவலருக்குப் போன் செய்யுங்கள். அவர்கள் கடிக்க மாட்டார்கள்.

பதிவு செய்யாத குழு

பதிவான சங்கம் ஒன்று உங்கள் சார்பில் பணத்தை வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். இங்கே ஆஸ்பிஸ் என்பார்கள். அவர்கள் கடிதத்தை முதல் வாரமே கேளுங்கள். பல சங்கங்கள் மாதம் ஒரு முறைதான் கூடும்.

கூட்டத்துக்கு ‘மனநல மாலை’ என்று பெயர் வைப்பது

யாரும் வரமாட்டார்கள். எங்கள் முதல் கூட்டத்துக்கு வந்தது நடத்தியவர்கள் மட்டும். அடுத்து, ரம்பச் சங்கிலி தீட்டக் கற்றுத் தருகிறோம் என்று ஒட்டினோம், கொட்டகை நிறைந்தது. ஒரு வயதான விவசாயி ஒரே சங்கிலியை இரண்டு மணி நேரம் அரத்தால் தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல், தன் மாடுகளைப் பற்றிப் பேசி முடித்தார்.

ஒருங்கிணைப்பவருக்குச் சம்பளம் கேட்கக் கூச்சப்படுவது

விதி இடம் தந்தால் கேளுங்கள். 2009-இல் விக்டோரியாவை எரித்த ‘கறுப்புச் சனிக்கிழமை’க் காட்டுத்தீக்குப் பிறகு மெல்போர்ன் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில், உள்ளூர்க் குழுக்களில் இருந்தவர்களின் மனநலம் மேலாக இருந்தது. ஆனால் பல குழுக்களில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எல்லாக் கமிட்டியிலும் அதே நாலு முகம் என்றால் அந்த நாலு பேரும் சீக்கிரம் படுத்துவிடுவார்கள். அந்தச் சுமையைக் குறைக்கத்தான் சம்பளம்.

திட்டம் மாறினால்

முதலில் நிதி அலுவலருக்கு மின்னஞ்சல், அப்புறம் மாற்றம்.

ரசீது

அன்றைக்கே படம் எடுங்கள். கடை ரசீதில் எழுத்து மங்கி, கணக்கு ஒப்படைக்கும்போது வெறும் தாள்தான் மிஞ்சும்.

அந்தக் குழுவுக்கு அதிர்ஷ்டம். விண்ணப்பம் இன்னும் அனுப்பவில்லை. விற்றவரும் முன்பணத்தைத் திருப்பித் தந்தார். புதுக் கொட்டேஷன் வாங்கியிருக்கிறோம், தொண்ணூறு நாள் செல்லும்.