தக்காளிக்கு 20 நாள் முன்பே செண்டுமல்லி விதையுங்கள்

தக்காளிப் பாத்தி ஓரத்தில் செண்டுமல்லி வைத்தால் புழு வராது என்று கேள்விப்பட்டு, முதல் வருடம் இரண்டு விதையையும் ஒரே நாளில் போட்டேன். தக்காளி பூத்துப் பிஞ்சுவிட்டு காயெல்லாம் ஓட்டை விழுந்த பிறகுதான் செண்டுமல்லி மொட்டே கட்டியது. கூட்டுப் பயிர் வைக்கிற பலரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். எதோடு எது என்று பட்டியல் பார்த்து நடுகிறோம், எப்போது என்பதை விட்டுவிடுகிறோம்.

செண்டுமல்லியின் வேலை பூச்சியைத் தன் பக்கம் இழுப்பது. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்குத் தக்காளியை விட செண்டுமல்லி மொட்டும் பூவும் பிடிக்கும், முட்டையை அங்கே வைக்கும். அதனால் தக்காளி பூக்கும்போது செண்டுமல்லியும் பூத்திருக்க வேண்டும். 45 நாள் வயதான செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் ஒரே நாளில் நட்டால் கணக்கு சரியாக வரும். வயலில் 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி வைப்பார்கள். வீட்டில் பத்துப் பதினைந்து தக்காளிச் செடிக்கு மூன்று நான்கு போதும், உயரமாக வளரும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு ரகமாகப் பாருங்கள். நட்டதோடு விட்டுவிடாமல் தினமும் காலையில் பூவைப் பிரித்துப் பார்த்து, புழு இருந்தால் பூவோடு பறித்து சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். பறிக்காமல் விட்டால் நாமே புழு வளர்த்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

மண்ணுக்குள் இருந்து வேரைத் தாக்கும், கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவைச் செண்டுமல்லி வேர் கட்டுப்படுத்தும் என்பதும் உண்மைதான், ஆனால் ஓரத்தில் ஒரு செடி நின்றால் அது நடக்காது. வேரில் முடிச்சு முடிச்சாக வந்து செடி வாடுகிற பாத்தி என்றால், அதில் இரண்டு மாதம் செண்டுமல்லியை மட்டும் நெருக்கமாக வளர்த்துவிட்டு அப்புறம் காய்கறிக்குப் போங்கள்.

இடம் இருந்தால் தோட்டத்து மூலையில் ஒரே ஒரு ஆமணக்கு. இலை தின்னும் புரொடீனியா புழுவுக்கு அது விருந்து. தாய்ப்பூச்சி இலைக்கு அடியில் குவியலாக முட்டையிட்டுப் பழுப்பு ரோமத்தால் மூடி வைக்கும். பொரித்த குஞ்சுப் புழுக்கள் ஒன்றாகச் சுரண்டித் தின்பதால் இலை சல்லடை போல ஆகும். அந்த ஒரு இலையைக் கிள்ளி அழித்தால் நூற்றுக்கணக்கான புழு ஒரே நிமிடத்தில் போயிற்று. குழந்தைகள் இருக்கிற வீட்டில் பூங்கொத்து வந்ததும் வெட்டிவிடுங்கள், ஆமணக்கு விதை கடும் விஷம்.

தட்டைப்பயறு எனக்கு மிகவும் பிடித்த துணைப்பயிர். அதில் கறுப்பு அசுவினி அப்பிக்கொள்ளும், பார்த்ததும் மருந்தடிக்கக் கை துறுதுறுக்கும், பொறுங்கள். அதைத் தின்னப் பொறிவண்டு வரும், அங்கேயே குஞ்சு பொரித்துப் பெருகிப் பக்கத்து வெண்டைக்கும் போகும். கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு குட்டி முதலை மாதிரி ஊர்வதுதான் பொறிவண்டின் குஞ்சு. புழு என்று நினைத்து நிறையப் பேர் நசுக்கிவிடுகிறார்கள், தயவுசெய்து விட்டுவிடுங்கள். காய்ப்பு முடிந்ததும் செடியைப் பிடுங்காமல் தரையோடு அறுங்கள். இதன் வேர் முடிச்சு நூற்புழு முடிச்சு இல்லை, நல்லது. அதில் சேர்ந்திருக்கும் தழைச்சத்து பெரும்பாலும் வேர் மக்கிய பிறகுதான் மண்ணுக்குக் கிடைக்கும், அதாவது பலன் அடுத்த பயிருக்கு. ஒரு முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நன்றாக வேலை செய்கிறது.

மிளகாய்க்கு நடுவே சின்ன வெங்காயமும் கொத்தமல்லியும் போடுவது நம் ஊர்களில் காலங்காலமாகச் செய்வது. மிளகாய் படரும் முன் மல்லி தழையாகப் பறித்தாகிவிடும், வெங்காயம் 70 நாள் வாக்கில் வந்துவிடும். இதே கணக்குதான் கத்தரிக்கும்: இரண்டு அடி இடைவெளியில் நட்டால் ஒரு மாதத்துக்கு மேல் நடுவில் வெறும் மண்தான் தெரியும், அதில் சிறுகீரை தூவினால் 25 நாளில் வேரோடு பறிக்கலாம், முள்ளங்கி என்றால் 45 நாள். கொத்தமல்லியில் நான்கைந்து செடியைப் பூக்க விடுங்கள், அந்தச் சின்னப் பூக்களுக்கு நன்மை செய்யும் குளவிகள் வரும். பாகல், பூசணிப் பந்தல் பக்கத்தில் துளசி பூத்து நின்றால் தேனீ வரும், இவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி என்பதால் தேனீ இல்லாமல் காய் பிடிப்பது கஷ்டம். பந்தல் நிழலில் இஞ்சி, மஞ்சள் வைத்துவிடலாம். பாகலில் வரும் பழ ஈக்கு மட்டும் துணைச்செடியை நம்பாதீர்கள், பொறி தொங்கவிடுங்கள்.

சேர்க்கக் கூடாததும் உண்டு. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எல்லாம் ஒரே குடும்பம், ஒன்றுக்கு வாடல் நோய் வந்தால் மண் வழியே மற்றதற்கும் போகும், அதனால் ஒரே பாத்தியில் திரும்பத் திரும்ப இவற்றையே நடாதீர்கள். வெண்டைக்கு மஞ்சள் நரம்பு நோயையும் தக்காளிக்கு இலைச்சுருட்டு நோயையும் பரப்புவது வெள்ளை ஈதான், அது இரண்டிலும் தங்கும். இரண்டையும் தள்ளி வைத்து, நடுவில் மக்காச்சோளத்தை இரண்டு வரிசை வேலி மாதிரி விடலாம், அதையும் 20 நாள் முன்பே விதைத்தால்தான் உயரம் கிடைக்கும்.

ஆடிப்பட்டத்துக்குக் கணக்குப் போட்டால் இப்படி வரும்: ஆடிக் கடைசியில் தக்காளி நடப்போகிறீர்கள் என்றால் ஆனி நடுவில் செண்டுமல்லி விதை தட்டில் விழுந்திருக்க வேண்டும், ஆடி முதல் வாரத்தில் தக்காளி விதை.