ராத்திரி பல் தேய்க்கப் பழகுவது எப்படி?

பல் தேய்க்காமல் காபியைத் தொடக் கூடாது என்று வளர்ந்தவன் நான். 34 வயது வரை ஒரு காலைகூடத் தவறியதில்லை. அப்படியும் கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகி, வேர் சிகிச்சை வரை போய்விட்டது. மருத்துவர் முதலில் கேட்டது, "ராத்திரி தேய்ப்பீங்களா?" என்றுதான். தேய்த்ததே இல்லை.

பல்லுக்குக் காவல் நம் எச்சில். வாயில் தங்கும் சர்க்கரையையும் மாவையும் கிருமிகள் தின்று அமிலமாக்கும். அந்த அமிலத்தைத் தணித்து, பல்லிலிருந்து கரைந்த கால்சியத்தைத் திரும்பக் கொண்டு சேர்ப்பது எச்சில்தான். தூக்கத்தில் அது மிகவும் குறைவாகச் சுரக்கும். தோசை ஒட்டிய பல்லோடு படுத்தால், விடியும் வரை காவலில்லாத வீடு மாதிரி. அதனால் காலையில் தேய்ப்பதை விடாமல், இரவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால் இரவு என்றே சொல்வேன்.

படி 1: பிரஷ், பேஸ்ட்

'சாஃப்ட்' என்று போட்ட, சின்னத் தலை உள்ள பிரஷ் போதும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே. பேஸ்டில் ஃபுளோரைடு, அதாவது பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் தாது, இருக்கிறதா என்று பின்பக்கம் படித்துப் பாருங்கள். 1000 பிபிஎம் (ppm, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) அளவில் இருந்தால் நல்லது. மூலிகைப் பேஸ்ட் பலவற்றில் இது இருக்காது. சாம்பல், செங்கல் தூள், கரி எல்லாம் பல்லை வெள்ளையாகக் காட்டும், ஆனால் எனாமலை, அதாவது பல்லின் கடினமான மேல்பூச்சை, அரித்துவிடும். தேய்ந்த எனாமல் மறுபடி வளராது.

ஃபுளோரைடு அளவு மிஞ்சினாலும் பல்லுக்குக் கெடுதல்தான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே அது அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். அங்கே போர் தண்ணீர் குடிக்கும் வீட்டுக் குழந்தைகளுக்கு எந்தப் பேஸ்ட் என்று பல் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

படி 2: நேரம்

படுக்கப் போகும்போது தேய்க்கலாம் என்று வைத்திருந்தால் நடக்காது. கண்ணைச் சொக்கும்போது யாருக்கும் மனம் வராது. தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு இதை முடிச்சுப் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் கழித்து, அடுப்பைத் துடைத்து விளக்கை அணைத்ததும் நேராக வாஷ்பேசின். ரசம், எலுமிச்சை போன்ற புளிப்பு பட்டதும் எனாமல் கொஞ்சம் இளகியிருக்கும், அதற்குத்தான் அந்த அரை மணி நேரம். பால் குடிப்பவர்கள் குடித்துவிட்டுத் தேய்க்கலாம். தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும்.

படி 3: தேய்க்கும் விதம்

பட்டாணி அளவு பேஸ்ட் போதும். பிரஷைப் பேனா மாதிரி லேசாகப் பிடித்து, பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்வாக, சுமார் 45 டிகிரியில் வையுங்கள். அழுக்குப் படலம் முதலில் சேருவது அந்தக் கோட்டில்தான். இரண்டிரண்டு பல்லாக, இருந்த இடத்திலேயே சின்னச் சின்ன அசைவாகத் தேய்த்து நகருங்கள். இழுத்து இழுத்துத் தேய்த்தால் ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். அப்புறம் ஜில்லென்று எது பட்டாலும் கூசும்.

எல்லோரும் முன்பல்லில் ஆரம்பித்து, கடைசிப் பற்களை அவசரமாக முடிப்பார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். கீழ்ப் பற்களின் உள்பக்கம், நாக்கை ஒட்டிய பகுதியில் தொடங்குங்கள். பிறகு வெளிப்பக்கம், மெல்லும் பக்கம், அதன் பின் மேல் வரிசை. வாயை நாலாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் 30 விநாடி என்றால் மொத்தம் இரண்டு நிமிடம். முதல் நாள் கடிகாரத்தைப் பாருங்கள், இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

படி 4: துப்பினால் போதும்

நமக்கு இதுதான் கஷ்டம். சொம்புத் தண்ணீரில் நாலு தடவை கொப்பளித்தே பழக்கம். அப்படிச் செய்தால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். நுரையை நன்றாகத் துப்பிவிட்டு அப்படியே படுங்கள். நாலைந்து நாளில் பழகிவிடும்.

படி 5: இடுக்கு

இரண்டு பல்லுக்கு நடுவே பிரஷ் நுழையாது. அதற்கு ஃபிளாஸ் நூல், இடைவெளி பெரிதாக இருந்தால் குட்டிப் பிரஷ். ஊக்கும் தீக்குச்சியும் வேண்டவே வேண்டாம்.

ரத்தம் வந்தால்?

முதல் வாரம் பலருக்கு ஈறில் ரத்தம் கசியும். பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அங்கே அழுக்கு தங்கி ஈறு வீங்கியிருப்பதால்தான் கசிகிறது. அந்த இடத்தை மெதுவாக, ஆனால் விடாமல் தேய்க்க வேண்டும். இரண்டு வாரம் கழித்தும் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். காறை, அதாவது கல் மாதிரி இறுகிப்போன அழுக்கு, படிந்திருந்தால் பிரஷால் போகாது, கிளீனிங் செய்யத்தான் வேண்டும். கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்பது தவறு. காறை அடைத்திருந்த இடம் வெறுமையாவதால் அப்படித் தோன்றுகிறது.

குழந்தைகளுக்கு

மூன்று வயது வரை அரிசி அளவு பேஸ்ட், அதன்பின் பட்டாணி அளவு. ஏழெட்டு வயது வரை நீங்களே தேய்த்துவிடுங்கள். ஆறு வயது வாக்கில் பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அதையும் பால்பல் என்று நினைத்து, சொத்தையானாலும் விட்டுவிடுகிறார்கள். அது விழுந்து முளைக்கிற பல் இல்லை. வீட்டில் அந்த வயதில் குழந்தை இருந்தால், இன்று ராத்திரி செல்போன் வெளிச்சத்தில் வாயின் கடைசி வரை ஒருமுறை பாருங்கள்.