பெட்டில போட்டிருக்கற நம்பரை நம்பி ட்ரைபாட் வாங்காதீங்க

கொழுக்குமலைல விடியறதுக்கு முன்னாடி காத்து எப்படி அடிக்கும்னு போனவங்களுக்குத் தெரியும். மலை என்னவோ நம்ம தேனி மாவட்டம்தான், ஆனா ஜீப் ஏறணும்னா கேரளா பக்கம் சூரியநெல்லிக்குப் போகணும். ராத்திரி மூணரைக்கு எந்திரிச்சு, இடுப்பு கழண்டு விழற மாதிரி ஒரு ரோட்டுல குலுங்கிக்கிட்டே மேல போய்ச் சேந்து, பல்லு கிட்டிக்கிற குளிர்ல ட்ரைபாட்ட விரிச்சு நிக்க வெச்சா, அது சாமி வந்த மாதிரி ஆடுது. ஷட்டர அரை செகண்ட், ஒரு செகண்ட்னு திறந்து வெச்சு ஒரு 20 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல பெருசு பண்ணிப் பாத்தா ஒண்ணு கூட உருப்படியா இல்ல. அந்த ட்ரைபாட் பெட்டில '8 கிலோ தாங்கும்'னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. என் கேமராவும் லென்ஸும் சேத்து ஒண்ணரை கிலோ கூட வராது.

முதல் தப்பு இதுதான், அந்த கிலோ கணக்க நம்புறது. 8 கிலோ தாங்கும்னா என்ன அர்த்தம்னா, 8 கிலோவ மேல வெச்சா காலு மடங்கி உக்காராது, ஹெட்டு (கேமராவ மாட்டி திருப்பற மேல் பாகம்) நழுவாது, அவ்வளவுதான். ஆடாம நிக்கும்னு அவங்க எங்கயும் சொல்லல. இதுல இன்னொரு கூத்து, இந்த எடைய எப்படி அளக்கணும்னு எல்லா கம்பெனிக்கும் பொதுவான ஒரு அளவுகோலே கிடையாது, ஆளாளுக்கு அவங்கவங்க கணக்கு. ஒருத்தரோட 8 கிலோவும் இன்னொருத்தரோட 8 கிலோவும் ஒண்ணு இல்ல. அதனால ரெண்டு ட்ரைபாட்ட பக்கத்துல பக்கத்துல வெச்சு இதுல 10 போட்டிருக்கு அதுல 6 போட்டிருக்குன்னு கம்பேர் பண்றது வேலைக்கே ஆகாது.

அப்ப எத பாக்கணும்னு கேட்டா, காலோட கடைசித் துண்டப் பாருங்க. ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்கற குழாய்கள்ல தரைய தொடுற துண்டு. கடைல எல்லாரும் மேல இருக்கற தடிமனான குழாய புடிச்சுப் பாத்துட்டு 'நல்லா கெட்டியா இருக்கே'ன்னு வாங்கிட்டு வந்துடறோம், ஆனா ஆட்டம் வர்றது கீழ இருக்கற ஒல்லிக் குழாய்லதான். சாதாரணமா ஒவ்வொரு துண்டும் மேல இருக்கறத விட மூணு மில்லிமீட்டர் அளவுல ஒல்லியாகிட்டே போகும். மேல 25 மி.மீ. இருந்து நாலு துண்டுன்னா 25, 22, 19, 16. மேல 22ல ஆரம்பிச்சு அஞ்சு துண்டுன்னா கடைசி குழாய் உங்க சுண்டுவிரல் தடிமனுக்கு வந்து நிக்கும். குழாயோட விட்டம் பாதியானா பலமும் பாதிதானே ஆகும்னு நெனைக்காதீங்க, சுவர் கனம் அதே இருந்தா வளையாம நிக்கிற சக்தி எட்டுல ஒரு பங்குக்கு வந்துடும். அதனாலதான் அஞ்சு துண்டு ட்ரைபாட் மடக்கினா அழகா பைக்குள்ள அடங்குது, விரிச்சா காத்துக்கு நடுங்குது. என்னைக் கேட்டா நாலு துண்டு போதும். அஞ்சு துண்டு கண்டிப்பா வேணும்னா, கடைசித் துண்ட உள்ளயே விட்டுட்டு உபயோகிக்கற உயரம் உங்களுக்குப் பத்துமான்னு பாத்துக்கோங்க.

உயரம்னு சொன்னதும் ஞாபகம் வருது, ரெண்டாவது தப்பு அதுதான். 'அதிகபட்ச உயரம் 160 செ.மீ.'ன்னு போட்டிருப்பாங்க. அது நடுத்தண்ட முழுசா மேல ஏத்தி வெச்ச கணக்கு. நடுத்தண்ட ஏத்தினா மூணு கால் மேல ஒரு ஒத்தக் குச்சிய நட்டு அது தலைல கேமராவ வெக்கறீங்கன்னு அர்த்தம், அப்புறம் மூணு கால் எதுக்கு? நடுத்தண்டு இல்லாம எவ்வளவுன்னு தனியா ஒரு இடத்துல சின்ன எழுத்துல இருக்கும், அத தேடிப் பாருங்க. அதே சமயம் ஆறடி ட்ரைபாட்டும் யாருக்கும் தேவை இல்ல. 170 செ.மீ. உயரம் இருக்கற ஆளுக்குக் கண்ணு 158 கிட்ட இருக்கும். ஹெட்டு ஒரு 9, 10 செ.மீ., அதுக்கு மேல கேமராவுல கண்ணு வெச்சுப் பாக்கற வ்யூஃபைண்டர் வரைக்கும் இன்னொரு 7, 8. கழிச்சுப் பாத்தா காலு மட்டும் 140 இருந்தாலே நிமிந்து நின்னு எடுக்கலாம். மடங்குற ஸ்கிரீன் இருக்கற கேமராவா இருந்தா 125, 130 கூட போதும், கொஞ்சம் குனிஞ்சுக்கலாம், நமக்கென்ன கல்யாண போட்டோவா எடுக்கப் போறோம் நாள் முழுக்க நிக்க.

சரி, கடைல எப்படி டெஸ்ட் பண்றது? உங்க கேமராவ கையோட எடுத்துட்டுப் போங்க, கிட்ட இருக்கறதுலயே நீளமான லென்ஸ மாட்டி. ட்ரைபாட்ட முழுசா விரிச்சு, நடுத்தண்ட ஏத்தாம, கேமராவ மாட்டி ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கற ஏதாவது ஒரு கடை போர்டுல ஃபோகஸ் பண்ணுங்க. லைவ் வ்யூல (கேமரா ஸ்கிரீன்ல நேரடியா தெரியற படம்) 10 மடங்கு பெருசு பண்ணிட்டு லென்ஸ் நுனில விரலால ஒரு சுண்டு சுண்டுங்க. படம் துடிக்கும். எத்தன செகண்ட்ல அடங்குதுன்னு மனசுக்குள்ள எண்ணுங்க. நல்லதா இருந்தா ஒண்ணு எண்றதுக்குள்ள அடங்கிடும், சிலது மூணு நாலு எண்ணியும் துடிச்சுக்கிட்டே இருக்கும். நான் இத ஒரு கடைல பண்ணினப்ப ஓனர் 'தம்பி, வாங்கறதா இருந்தா வாங்குங்க, இல்லன்னா மடக்கி வெச்சிருங்க'ன்னாரு. 'அண்ணே, ஒரே நிமிஷம், வாங்கத்தான் போறேன்'னு சொல்லி இன்னும் ரெண்டு மாடல சுண்டிப் பாத்தேன். கடைசில நான் எடுத்தது அவர் சிபாரிசு பண்ணினதும் இல்ல, விலை கூடினதும் இல்ல. ஆன்லைன்ல வாங்கறதா இருந்தா வந்த அன்னிக்கே இத பண்ணிப் பாத்துடுங்க, ரிட்டர்ன் டைம் முடிஞ்சப்பறம் சுண்டி என்ன பிரயோஜனம்.

கார்பன் ஃபைபர் விஷயத்துல நெறைய பேர் ஏமாறுறாங்க. 1994ல கிட்ஸோ கம்பெனி முதல்ல கொண்டு வந்தப்ப அது பணக்காரங்க சமாச்சாரம், இப்ப எல்லா பிராண்டுலயும் இருக்கு. நல்லதுதான், ஒரே தடிமன்ல அலுமினியத்த விட எடை கம்மி, அதிர்வும் சீக்கிரம் அடங்கும், குளிர்ல தொட்டா கை விறைக்காது. ஆனா ட்ராவல் சைஸ்ல மொத்தமா மிச்சமாகறது 300 கிராம் கிட்டத்தான். பீக் டிசைன் ட்ராவல் ட்ரைபாட்டயே எடுத்துக்கோங்க, அலுமினியம் சுமார் 1.56 கிலோ, கார்பன் சுமார் 1.27. ஒரு சின்ன தண்ணி பாட்டில் எடைக்கு விலை எகிறிடும். ஒல்லியான கார்பன விட கொஞ்சம் தடிமனான அலுமினியம் நல்லதுன்னுதான் சொல்வேன், பட்ஜெட் இடிக்கறவங்களுக்கு. கை விறைக்கறதுக்கு வழி இருக்கு, ஸ்போர்ட்ஸ் கடைல பேட்மிண்டன் மட்டைக்கு சுத்துற கிரிப் டேப் கிடைக்கும், அத மேல் குழாய்ல சுத்திவிட்டா முடிஞ்சுது.

எடை பாக்கும்போது இன்னொன்னு, அது ஹெட்டோட சேத்தா இல்ல காலு மட்டுமான்னு கேளுங்க. தனித்தனியா விக்கிற மாடல்ல காலோட எடைய மட்டும் போட்டு 1.1 கிலோன்னு காட்டுவாங்க, ஹெட்டு ஒரு 350 கிராம், கேமரா அடில திருகி ஹெட்டுல மாட்டற ப்ளேட்டு, பை எல்லாம் சேந்தா ஒண்ணரை தாண்டிடும். ட்ராவலுக்கு எல்லாம் சேத்து ஒண்ணரை கிலோ கிட்ட இருந்தா தூக்கிட்டுப் போவீங்க. ரெண்டரை கிலோ ட்ரைபாட் பாறை மாதிரி நிக்கும், ஆனா ரெண்டாவது நாளே லாட்ஜ் ரூம்ல கட்டிலுக்கு அடில படுத்திருக்கும்.

இப்ப ஹெட்டு. காலுக்கு அவ்வளவு யோசிச்சுட்டு ஹெட்ட கூடவே வந்ததுன்னு அப்படியே விட்டுடறோம். நீளக் கைப்பிடி வெச்ச பேன் ஹெட்டு ட்ராவலுக்கு வேணாம், பைக்குள்ள எல்லாத்துலயும் மாட்டும். பால் ஹெட்டுதான் சௌகரியம், உருண்டை 30 மி.மீ.க்கு மேல இருந்தா நல்லது. டெஸ்ட் என்னன்னா, அதே கடை போர்டுல ஒரு ஃப்ரேம் வெச்சு, ஹெட்டுல இருக்கற திருகிய (நாப்) டைட் பண்ணிட்டு, கைய எடுங்க. ஃப்ரேம் கொஞ்சமா கீழ சாயும். எல்லா ஹெட்டும் துளி சாயும், ஆனா போர்டோட எழுத்து ஒண்ணு ஃப்ரேம விட்டு வெளிய போற அளவுக்கு சாஞ்சா அத வாங்காதீங்க, நிலாவ ஜூம் பண்ணி எடுக்கும்போது பைத்தியம் புடிச்சிடும். ரெண்டாவது, உருண்டைய லூஸ் பண்ற திருகியும் அடிபாகத்த சுத்தற திருகியும் வேற வேற சைஸ்ல, தொட்டாலே தெரியற மாதிரி இருக்கணும். ஜவ்வாது மலைல காவலூர் பக்கம் இருட்டுல நட்சத்திரம் எடுக்கும்போது நான் ஒரு தடவ தப்பான திருகிய திருகிட்டேன், கேமரா மூக்கு குத்திக்கிட்டு விழுந்து லென்ஸ் ஹூட் உடைஞ்சுது, லென்ஸ் தப்பிச்சது அந்த ஹூட் புண்ணியம்.

ஹெட்ட தனியா மாத்தறவங்க ஒண்ணு கவனிங்க. கால தலைகீழா மடக்கி ஹெட்ட நடுவுல வெக்கற டைப் ட்ரைபாட்ல, திருகி நீட்டிக்கிட்டு இருக்கற பெரிய ஹெட்டு உள்ள அடங்காது. 40 செ.மீ.ல மடங்கவேண்டியது அரைகுறையா வாய பொளந்துக்கிட்டு நிக்கும். ஸ்க்ரூ சைஸ பத்தி ரொம்ப கவலப்பட வேணாம், கேமராவுக்கு கால் இஞ்ச், ஹெட்டுக்கும் காலுக்கும் நடுவுல பெரும்பாலும் 3/8 இஞ்ச், நடுவுல போட ஒரு சின்ன அடாப்டர் வளையம் எல்லா கடையிலயும் கிடைக்கும்.

ப்ளேட்டு விஷயத்துல மட்டும் நான் பிடிவாதக்காரன். ஆர்க்கா ஸ்விஸ் டைப் (நெறைய கம்பெனிங்க பொதுவா பயன்படுத்தற ப்ளேட்டு வடிவம்) இல்லாத ட்ரைபாட்ட சும்மா குடுத்தாலும் வேணாம்பேன். ஏன்னா என் முதல் ட்ரைபாட்ல அந்த கம்பெனிக்கு மட்டும் பொருந்தற ஒரு ப்ளாஸ்டிக் ப்ளேட்டு. ஃப்ரெண்ட் கேமராவுல மாட்டினது அப்படியே அவன்கூட கோயமுத்தூர் போயிடுச்சு, நான் ஹம்பில கைல ஒரு அலுமினிய தடியோட நின்னேன். கடை கடையா ஏறி எறங்கியும் அந்த ப்ளேட்டு கிடைக்கல. ஆர்க்கான்னா எங்கயும் கிடைக்கும், ரெண்டு வாங்கி ஒண்ண பைலயே போட்டு வெச்சுக்கலாம். ஆனா அங்கயும் ஒரு ஓரத்துல வழுக்காம தடுக்கற சின்ன பின் இருக்கற ப்ளேட்டா பாத்து வாங்குங்க, ப்ளேட்ட புடிக்கற கிளாம்ப் லூஸானாலும் கேமரா வழுக்கிட்டு வெளிய வராது.

(ஹம்பில எப்படியும் உபயோகிச்சிருக்க முடியாதுங்கறது அப்புறம்தான் தெரிஞ்சுது. தொல்லியல் துறை கட்டுப்பாட்டுல இருக்கற இடங்கள்ல, தஞ்சாவூர் பெரிய கோயில், மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் எல்லாம் சேத்துத்தான், ட்ரைபாட்டுக்கு தனியா அனுமதி வாங்கணும். போற இடத்துல பாதி இந்த மாதிரின்னா ட்ரைபாட்டுக்கு பதிலா ஒரு பீன் பேக்ல (கேமராவ மேல வெச்சு எடுக்கற மெத்தை மாதிரி சின்ன பை) காச போடுங்க.)

ப்ளேன்ல போறவங்க மடக்கின நீளத்த பாத்துக்கோங்க, 40 முதல் 45 செ.மீ. இருந்தா கேபின் பைக்குள்ள போகும், ஆனா அந்த 7 கிலோல இதுவும் ஒண்ணரைய சாப்பிட்டுடும். காலுக்கு அடில கூர்முனை ஸ்பைக் இருந்தா செக் இன்ல போட்டுடுங்க, செக்யூரிட்டில நின்னு வாக்குவாதம் பண்ணி ஆகப்போறது ஒண்ணும் இல்ல.

வாங்கினப்பறம் பண்ற தப்பும் இருக்கு. நடுத்தண்டு அடில ஒரு கொக்கி இருக்கும், காத்தடிச்சா அதுல பைய தொங்கவிடுன்னு எல்லாரும் சொல்வாங்க. தொங்கவிட்டா பை ஊஞ்சல் மாதிரி ஆடி அதுவே ட்ரைபாட்ட ஆட்டும். பையோட அடி தரைய லேசா தொடணும், அப்பதான் எடையும் இருக்கும் ஆட்டமும் இருக்காது. தனுஷ்கோடில காத்து நிக்கவே நிக்காது, அங்க நான் கால முழுசா விரிக்காம முட்டி உயரத்துல வெச்சுத்தான் எடுப்பேன். தண்ணிக்குள்ள கால நட்டா அலை திரும்பிப் போகும்போது அடி மண்ண உருவிட்டுப் போயிடும், ட்ரைபாட் மெதுவா புதைஞ்சு சாயும். ரெண்டு மூணு அலை போகட்டும், அழுத்தி விடுங்க, இறங்கி ஒரு இடத்துல நிக்கும், அப்புறம் ஷட்டர அமுக்குங்க. வழக்கமா தடிமன் குழாயத்தான் முதல்ல இழுக்கணும், ஆனா மண்ணுலயும் தண்ணிலயும் மட்டும் ஒல்லிக் குழாய முழுசா இழுத்துக்கோங்க, லாக் இருக்கற மூட்டு தண்ணிக்கு மேல இருக்கும். ரூமுக்கு வந்ததும் பாத்ரூம்ல நல்ல தண்ணில அலசணும், உப்பு காஞ்சு உள்ள போச்சுன்னா குழாய திருகி இறுக்கற ட்விஸ்ட் லாக் நறநறன்னு சத்தம் போட ஆரம்பிச்சிடும். கழட்டி சுத்தம் பண்ணினா உள்ள இருக்கற ரெண்டு ப்ளாஸ்டிக் பட்டைய எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு முன்னாடியே ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

கேமராவுல ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்த சரிக்கட்டற வசதி) ஆஃப் பண்றத, 2 செகண்ட் டைமர் போடறத மறந்துட்டு ட்ரைபாட்ட திட்டறவங்களும் இருக்காங்க. சில கேமரா ட்ரைபாட்ல இருக்கறத தானே கண்டுபிடிச்சுக்கும், உங்களோடது எப்படின்னு மேனுவல்ல ஒரு வரி பாத்துடுங்க.

என்னோட அந்த 8 கிலோ ட்ரைபாட் இன்னும் இருக்கு. மொட்டை மாடில அம்மா வத்தல் காயப் போடும்போது அது மேல ஒரு பழைய சட்டைய மாட்டி நிக்க வெச்சிடுவாங்க. லேசா காத்தடிச்சாலே ஆடுதா, காக்கா கிட்டயே வர்றதில்ல.