ஜப்பானியப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்: வகுப்பறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடைத்தாள் திருத்துவதிலிருந்து தொடங்கலாம். ஜப்பானியத் தொடக்கப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளை பத்துச் சொல்லையும் பிழையில்லாமல் எழுதியிருக்கிறது. நம்மூர்ப் பழக்கத்தில் நீங்கள் பத்துக்கும் சிவப்பு மையில் டிக் அடித்துக் கொடுக்கிறீர்கள். பிள்ளையின் முகம் வாடிவிடும். அங்கே சரிக்கு அடையாளம் வட்டம்; ‘மாரு’ என்பார்கள். டிக் அடித்தால் பெரும்பாலும் தப்பு என்று பொருள். நமக்கு வட்டம் என்றால் முட்டை மார்க், அவர்களுக்கு வட்டம் வாங்கினால்தான் பெருமை. ரொம்ப நன்றாக எழுதியவருக்கு வட்டத்தைச் சுற்றி இதழ் வரைந்து பூவாக்கிக் கொடுப்பார்கள். அது ‘ஹனாமாரு’.

டிக் ஒரே நாளில் திருத்திக்கொள்ளக்கூடிய சறுக்கல். ஆனால் ஜப்பானியப் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியராக, அதாவது ஏ.எல்.டி. ஆக, நிற்கிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பகுதி இதே சாதிதான். பிள்ளை தன் காதிலும் கையிலும் ஏற்கெனவே என்ன வைத்திருக்கிறது என்று பார்க்காமல் பாடத்தைத் தொடங்கிவிடுவது.

எந்த வகுப்பில் எது என்று தெரியாமல் நுழைவது

2020-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டப்படி மூன்றாம், நான்காம் வகுப்புகளில் ஆண்டுக்கு 35 பாடவேளை ஆங்கிலம். ஒரு பாடவேளை 45 நிமிடம். இதற்குப் பெயரே ‘வெளிநாட்டு மொழிச் செயல்பாடு’தான், பாடம் என்ற தகுதி கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. கேட்பதும் பேசுவதும் மட்டுமே. ஐந்தாம், ஆறாம் வகுப்பில்தான் அது பாடமாகிறது, ஆண்டுக்கு 70 பாடவேளை. படிப்பதும் எழுதுவதும் அங்கேதான் தொடங்குகின்றன. தொடக்கப் பள்ளி முடியும்போது 600 முதல் 700 சொற்கள் பழகியிருக்க வேண்டும். ஏழு முதல் ஒன்பது வரையான நடுநிலைப் பள்ளியில் ஆண்டுக்கு 140 பாடவேளை, ஒவ்வொன்றும் 50 நிமிடம். மேற்கொண்டு 1,600 முதல் 1,800 சொற்கள்.

எல்.கே.ஜி.யிலேயே எழுதவைத்துப் பழகிய கண்ணுக்கு மூன்றாம் வகுப்பு வெறும் பாட்டும் விளையாட்டுமாகத் தெரியும். உடனே ஸ்பெல்லிங் டெஸ்ட் வைக்கக் கை பரபரக்கும். வைக்காதீர்கள். ஐந்தாம் வகுப்பில்கூட எழுதுவது என்றால், வாயால் நன்றாகச் சொல்லப் பழகிய சொல்லை நான்கு கோட்டுத் தாளில் பார்த்து எழுதுவதுதான்.

இதற்கு நேர் எதிரான தவறு ஏழாம் வகுப்பில் நடக்கிறது. ‘600 சொல் தெரிந்துதானே வந்திருக்கிறார்கள்’ என்று ஆசிரியர் நேரே இலக்கணத்துக்குப் போய்விடுவார். பிள்ளைக்கு அந்தச் சொற்கள் காதுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. ‘வென்ஸ்டே’ என்று தயங்காமல் சொல்லும் பிள்ளை அதை எழுத்தில் பார்த்தால் மலைத்து நிற்கும். ஏப்ரலில் கல்வியாண்டு தொடங்கியதும் முதல் இரண்டு மாதம் தினமும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். காதால் அறிந்த பத்துச் சொற்களை நீங்கள் சொல்ல, எழுத்தட்டையில் அவர்கள் தொட்டுக் காட்ட வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்த வகுப்புகளில்தான் ‘எனக்கு இங்கிலீஷ் வராது’ என்ற பேச்சு கோடை விடுமுறைக்கு முன்பே தொடங்குகிறது.

ரோமாஜியை மறந்துவிடுவது

ஆங்கில எழுத்துகள் ஜப்பானியப் பிள்ளைக்குப் புதியவை அல்ல. மூன்றாம் வகுப்பிலேயே தாய்மொழிப் பாடத்தில் ரோமாஜி வந்துவிடுகிறது, அதாவது ஜப்பானியச் சொல்லை ரோமன் எழுத்தில் எழுதும் முறை. அதில் ‘ஏ’ என்ற எழுத்து எப்போதும் ‘அ’, ‘ஐ’ என்ற எழுத்து எப்போதும் ‘இ’, ‘ஈ’ என்ற எழுத்து எப்போதும் ‘எ’. இந்தப் பழக்கத்தோடு எஸ், ஏ, எம், ஈ என்ற நான்கெழுத்தைப் பார்த்தால் பிள்ளை ‘ஸமெ’ என்று படிக்கும். ஜப்பானியத்தில் அதற்குச் சுறா என்று பொருள். டி, ஏ, கே, ஈ மூங்கிலாகிவிடும். பிள்ளை கவனக்குறைவாகப் படிக்கவில்லை. பள்ளி சொல்லிக்கொடுத்த விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1954-ஆம் ஆண்டு அமைச்சரவை அறிவிப்பு முதன்மை கொடுத்த குன்ரெய் என்ற ரோமாஜி முறையில் ‘ஷி’ என்ற ஒலியை எஸ், ஐ என்று எழுதுவார்கள். ‘ச்சி’ என்ற ஒலியை டி, ஐ என்று எழுதுவார்கள். ரயில் நிலையப் பலகைகளிலும் பாஸ்போர்ட்டிலும் இருப்பதோ, ஆங்கில உச்சரிப்புக்கு நெருக்கமான ஹெப்பர்ன் முறை. ஹெப்பர்னுக்கே மாறிவிடலாம் என்று 2025-இல் அரசின் பண்பாட்டு மன்றம் பரிந்துரைத்தது. ஆனால் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பழைய முறையில் கற்றிருந்தால், ‘சிட்’ என்ற சொல்லைப் படிக்கும்போது ‘ஷி’ என்றுதான் தொடங்கும்.

செய்ய வேண்டியது இது. எழுத்தின் பெயரையும் ஒலியையும் முதலில் பிரித்துக் காட்டுங்கள். பிறகு ‘கேட்’, ‘பெட்’, ‘பிக்’ போன்ற மூன்றெழுத்துச் சொற்களுக்கு வாருங்கள். அவை மனதில் நின்ற பிறகு, கடைசியில் ஒலிக்காத ‘ஈ’ சேர்ந்தால் நடு உயிர் என்னவாகிறது என்று சோடி சோடியாகக் காட்டுங்கள்: ‘டேப்’ நீண்டு ‘டேய்ப்’ ஆவது போல. ரோமாஜி அட்டவணையையும் ஆங்கில ஒலி அட்டவணையையும் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டாதீர்கள்.

கதகானாவை மேலே எழுதிக் கொடுப்பது

ஆங்கிலச் சொல்லின் தலைக்கு மேல் கதகானாவில், அதாவது பிறமொழிச் சொற்களை எழுதும் ஜப்பானிய எழுத்தில், உச்சரிப்பை எழுதிக் கொடுத்தால் பிள்ளை உடனே படித்துவிடும். வகுப்பும் வேகமாக நகரும். விலை பிறகுதான் தெரியும். ‘ன்’ போன்ற ஓர் ஒலியைத் தவிர, கதகானாவில் மெய் தனித்து நிற்காது. கூடவே ஓர் உயிர் ஒட்டிக்கொள்ளும். ‘டாக்’ என்ற ஓரசைச் சொல் ‘தொ-க்-கு’ என்று மூன்று தட்டாகிறது. ‘கிறிஸ்மஸ்’ ஆங்கிலத்தில் இரண்டு அசை, கதகானாவில் ‘கு-ரி-சு-மா-சு’ என்று ஐந்து. ‘ஐஸ்கிரீம்’ ஏழு. உயிரொலி ஐந்தே, ‘பாத்’ என்பதன் கடைசி ஒலியும் இல்லை என்பதால் பேருந்தும் குளியலும் ஒரே ‘பாசு’. எல், ஆர் என்ற பிரிவும் இல்லாததால் வலப்பக்கமும் விளக்கும் ஒரே ‘ரைத்தோ’.

நமக்கு இது புரியாத விஷயமல்ல. பஸ்ஸு, பேக்கு, லைட்டு என்று ஒட்டுகிற உகரம் நம் வாயிலும் உண்டு. அதனால் சிரிக்காமல் திருத்தலாம். திருத்தும் வழி கைத்தட்டுதான். முதலில் பிள்ளைகளைத் தங்கள் வழக்கப்படி ‘கிறிஸ்மஸ்’ தட்டச் சொல்லுங்கள், ஐந்து விழும். பிறகு நீங்கள் இரண்டே தட்டில் சொல்லிக் காட்டுங்கள். எங்கே மூன்று தட்டு காணாமல் போனது என்று அவர்களே தேடட்டும். ஒரு பாடவேளையில் ஆறு சொல் போதும். மேலே எழுதத்தான் வேண்டும் என்றால், அழுத்தம் விழும் இடத்தில் பெரிய புள்ளியும் மற்ற அசைகளில் சிறிய புள்ளியும் போடுங்கள்.

இங்கே நம் ஆட்களுக்கே உரிய ஒரு தவறைச் சொல்ல வேண்டும். ல, ள, ழ, ர, ற என்று வைத்திருக்கிற நமக்கு, ஜப்பானியப் பிள்ளைகளுக்கு ‘எல்’, ‘ஆர்’ ஒலிகளைப் பிரிக்கத் தெரியாதது வியப்பாக இருக்கும். பாதி வகுப்பை அந்தப் பயிற்சியிலேயே கழித்துவிடுவோம். அவ்வளவு நேரம் அதற்குத் தேவையில்லை. பேச்சு புரியாமல் போவதற்கு எல்-ஆர் குழப்பத்தைவிடத் தேவையில்லாமல் நுழையும் உயிரொலிகளே பெரிய காரணம் என்பது எங்கள் கணிப்பு. அதோடு நம் ‘ர’ நாவால் ஒரு தட்டு தட்டும் ஒலி. ஜப்பானியக் காதுக்கு அது அவர்களுடைய சொந்த ஒலியாகவே கேட்கும். நாம் முன்மாதிரியாக நின்று நூறு முறை சொன்னாலும் புதிதாக ஒன்றும் கிடைக்காது. நம் ‘வ’வும் ஆங்கிலத்தின் இரண்டு ஒலிகளை ஒன்றாக்கிவிடுகிறது. பாடநூலில் கியூஆர் குறியீடு இருக்கிறது, மேசையில் ஆளுக்கொரு டேப்லெட் இருக்கிறது. பதிவொலியை ஓடவிடுங்கள்.

வாய்க்கு முன் காது. எல், ஆர் மட்டும் வேறுபடும் சோடிச் சொற்களில் ஒன்று ஒலிக்க, பிள்ளை ஒன்று அல்லது இரண்டு என்று விரல் காட்டட்டும். பத்துச் சொல், மூன்று நிமிடம். பத்தில் எட்டு சரியாகும் வரை உச்சரிக்கச் சொல்ல வேண்டாம். பிறகு, எல்லுக்கு நாநுனி மேற்பல்லுக்குப் பின்னால் இரண்டு விநாடி ஒட்டி நிற்க வேண்டும், ஆருக்கு நாநுனி எங்கேயும் படக்கூடாது என்று கண்ணாடியில் காட்டினால் போதும்.

‘இது ஆங்கிலமே இல்லை’ என்று சிரிப்பது

ஜப்பானியத்தில் ‘கன்னிங்கு’ என்றால் தேர்வில் காப்பியடிப்பது. ‘மான்ஷோன்’ அடுக்குமாடி வீடு. ‘கோன்சென்தோ’ சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட். ‘குரேமு’ என்றால் புகார், ‘சுமாத்தோ’ என்றால் ஒல்லியான உடல்வாகு. பிள்ளை இவற்றை ஆங்கிலம் என்று நம்பிச் சொல்லும். ‘தப்பு’ என்று ஒரே சொல்லில் வெட்டினால் தெரிந்த சொல்லைக்கூட இனிச் சொல்லாது. மாறாக இருபது சொல்லைக் கொடுத்து மூன்று பத்தியாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: பொருள் மாறாதவை, பொருள் மாறியவை, ஆங்கிலத்திலிருந்து வரவே வராதவை. மூன்றாவது பத்தியில் ‘அருபைதோ’ விழும். பகுதிநேர வேலையைக் குறிக்கும் அது ஜெர்மன் சொல். ரொட்டியைக் குறிக்கும் ‘பான்’ போர்ச்சுக்கீசியம். இலங்கையில் நாம் சாப்பிடும் பாணும் அதே போர்ச்சுக்கீசிய அடுப்பில் வெந்ததுதான்.

‘எஸ்’ என்றால் ஆமாம் என்று எடுத்துக்கொள்வது

‘டோன்ட் யூ அண்டர்ஸ்டாண்ட்?’ என்று கேட்கிறீர்கள். பிள்ளை ‘எஸ்’ என்கிறது. புரிந்துவிட்டது என்று நீங்கள் அடுத்த பக்கம் திருப்புகிறீர்கள். பிள்ளை சொன்னதோ ‘ஆமாம், புரியவில்லை’. ஜப்பானிய ‘ஹாய்’, கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ளும் சொல். ‘உனக்கு மீன் பிடிக்காதா?’ என்றால் நாமும் ‘ஆமா, பிடிக்காது’ என்றுதானே சொல்கிறோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரைவிட இந்த முடிச்சு நமக்கு எளிதில் பிடிபடும். முதல் ஆண்டில் எதிர்மறைக் கேள்வியே வேண்டாம். பிறகு சொல்லிக்கொடுக்கும்போது ‘எஸ்’, ‘நோ’வோடு நிறுத்தாமல் முழு வாக்கியத்தையும் வாங்குங்கள்.

‘ஐ ஆம் காபி’ என்பதும் இதே இனம். ஜப்பானியத்தில் ‘வா’ என்ற உருபு பேச்சுப்பொருளைச் சுட்டுகிறது. ‘என்னைப் பொறுத்தவரை காபி’ என்பதே அங்கே நினைப்பு. எழுவாய் வேறு, பேச்சுப்பொருள் வேறு என்று ஒருமுறை காட்டினால் பல பிழைகள் ஒன்றாகப் போகும். ‘ஏ’, ‘தி’ என்ற ஆர்ட்டிகிள்களை மட்டும் பொறுமையாக விடுங்கள். அவர்கள் மொழியில் அவை இல்லை, நம் மொழியிலும் இல்லை.

மௌனத்தைத் தவறாகப் படிப்பது

‘எனி கொஸ்டின்ஸ்?’ என்று கேட்டால் முப்பத்தைந்து பேரும் மேசையைப் பார்ப்பார்கள். எல்லார் முன்னிலையிலும் தனியாகத் தப்பு செய்வது அங்கே பெரிய கூச்சம். முப்பது விநாடி தனியாக யோசிக்க விடுங்கள், ஒரு நிமிடம் பக்கத்துப் பிள்ளையோடு பேசவிடுங்கள். பிறகு பெயர் சொல்லி ஒருவரை எழுப்பாமல் சோடியைக் கேளுங்கள். விடை வரும். ‘ஹவ் ஆர் யூ’ என்றதும் ‘ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ’ என்று வகுப்பே ஒரே சுருதியில் பாடினால் அதை உரையாடல் என்று எண்ண வேண்டாம். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுப் பாருங்கள்.

கூட்டாகக் கற்பிப்பதில் டேப்ரெக்கார்டராக நிற்பது

நிறைய வகுப்புகளில் ஏ.எல்.டி.யின் வேலை, வாசி என்றால் வாசிப்பது. இதற்கு இருவரும் பொறுப்பு. பாடத்துக்கு முன் பத்து நிமிடம் கிடைத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: இன்றைய இலக்கு வாக்கியம் எது, எந்த நிமிடத்தில் யார் பேசுவது, எந்தப் பிள்ளையை எழுப்பக்கூடாது. ஜப்பானிய ஆசிரியரின் ஆங்கிலத்தைப் பிள்ளைகள் முன் திருத்தாதீர்கள்.

ஒப்பந்தத்தையும் படித்துவிட்டுப் போங்கள். வெளிநாட்டவரை அழைத்துவர 1987-இல் தொடங்கிய ஜெட் என்ற அரசுத் திட்டத்தில் வருகிறவர்களுக்கும், கல்வி வாரியம் நேரடியாக அமர்த்தியவர்களுக்கும் இந்தச் சிக்கல் கிடையாது. ஆனால் ஒரு நிறுவனம் ‘பணி ஒப்படைப்பு’ முறையில் அனுப்பினால், பள்ளி ஆசிரியர் உங்களுக்கு நேரடியாக வேலை ஏவுவது சட்டச் சிக்கலாகும். ‘ஏன் இவர் என்னிடம் எதுவும் சொல்வதில்லை?’ என்று மனம் நோவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆள் அனுப்பும் ‘ஹக்கேன்’ முறையில் அந்தத் தடை இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் குளிர்காலம் வந்த பிறகும் பிங்கோ விளையாட்டோடு போவது இன்னொரு தவறு. உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு அவர்கள் தலைக்கு மேல் நிற்கிறது. தோக்கியோவில் 2022 நவம்பர் முதல் பேச்சுத் தேர்வும் நடக்கிறது. டேப்லெட்டும் ஹெட்செட்டுமாக ஏறக்குறைய 15 நிமிடம். பின்னால் வரும் பல்கலைக்கழகப் பொதுத்தேர்விலும் 2021 முதல் ஆங்கிலத்தில் படிப்புக்கு 100 மதிப்பெண், கேட்டலுக்கு 100; அதற்கு முன் எழுத்துத் தேர்வுக்கு 200, கேட்டலுக்கு 50 ஆக இருந்தது. அந்த மாதங்களில் நீங்கள் கொடுக்கக்கூடிய நல்ல உதவி, படத்தைக் காட்டி 30 விநாடி யோசிக்கவிட்டு 40 விநாடி பேசச் சொல்வது. பேசியதைப் பதிவுசெய்து, அதில் ஒரே ஒரு பிழையை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். தாளில் எழுதிக் கொடுத்தால் வட்டம் போட மறக்க வேண்டாம்.