டெர்மினலில் ஓடுகிறது, உலாவியில் 500: உபுண்டுவில் பெர்ல் சிஜிஐ நிரலை ஓடவைப்பது எப்படி?

நண்பர் ஒருவர் வாடகை நூல்நிலையம் நடத்துகிறார். எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று காட்டும் பெர்ல் நிரல் ஒன்று அவருடைய பழைய விண்டோஸ் கணினியில் பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கணினி படுத்துவிட்டதால், நிரலைப் பென்டிரைவில் வாங்கி வந்து என் உபுண்டு மடிக்கணினியில் ஏற்றினேன். அது ஒரு சிஜிஐ நிரல், அதாவது உலாவி கேட்கும்போது சர்வர் ஓட்டி, அது அச்சிடுவதைப் பக்கமாக அனுப்பும் நிரல். இரண்டு இரவு போனது. மாட்டிக்கொண்ட இடம் ஒன்றே ஒன்றுதான், அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வாசிக்கும் ஒலியிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள் ('பெரிய' என்று சொல்லும் இடம் தவிர).

முதலில் அப்பாச்சி

உபுண்டுவில் பெர்ல் ஏற்கெனவே இருக்கும். சர்வர் மட்டும் வேண்டும்: சூடோ ஆப்ட் இன்ஸ்டால் அப்பாச்சி2. என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு சர்வர் வேகமானதுதான், ஆனால் அதற்குத் தானாக சிஜிஐ ஓட்டத் தெரியாது, இடையில் எஃப்சிஜிஐரேப் மாதிரி இன்னொன்றைச் செருக வேண்டும். கற்றுக்கொள்ளத் தொடங்குபவருக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. அப்பாச்சியே போதும்.

அடுத்து சிஜிஐ மாட்யூலை இயக்க வேண்டும்: சூடோ ஏ2என்மாட் சிஜிஐ. 'சிஜிஐடி'யை இயக்குகிறேன் என்று பதில் வந்தால் பயப்பட வேண்டாம், அதுவும் அதே வேலையைத்தான் செய்யும். பிறகு சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் அப்பாச்சி2. இதை விட்டுவிட்டால் நிரல் சரியான இடத்தில் இருந்தாலும் உலாவி 404 (பக்கம் இல்லை) காட்டும். மாட்யூல் ஏறிய பிறகுதான் சிஜிஐ-பின் என்ற முகவரியே உயிர்பெறும்படி உபுண்டு அமைத்திருக்கிறது.

முதல் நிரல்

நிரல் இருக்க வேண்டிய இடம் /யுஎஸ்ஆர்/லிப்/சிஜிஐ-பின். அங்கே வணக்கம்.பிஎல் என்று ஒரு கோப்பைத் திறங்கள். எனக்கு நானோ எடிட்டர் போதும், சூடோவோடு திறந்து, எழுதி, மூடிவிடலாம்.

முதல் வரி, நிரலை எது ஓட்ட வேண்டும் என்று சொல்வது: #!/யுஎஸ்ஆர்/பின்/பெர்ல். அடுத்து யூஸ் ஸ்ட்ரிக்ட், யூஸ் வார்னிங்ஸ். அதற்கடுத்து ஒரு பிரிண்ட் வரி. அதில் "கன்டென்ட்-டைப்: டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்; சார்செட்=யூடிஎஃப்-8" என்ற தலைப்பு, அதன் முடிவில் புதுவரிக் குறி (பின்சாய்கோடும் 'என்'னும்) இரண்டு முறை. இரண்டாவது குறிதான் தலைப்புக்கும் பக்கத்துக்கும் நடுவே ஒரு வெற்று வரியை விடுகிறது. அது இல்லாவிட்டால் அப்பாச்சி உங்கள் எச்டிஎம்எல்-ஐயும் தலைப்பு என்று நினைத்துப் படித்து, 500 பிழை (சர்வரில் கோளாறு) தரும். கடைசியாக, 'வணக்கம்' என்று அச்சிடும் ஒரு பிரிண்ட்.

அந்தக் கோப்புக்குச் சூடோ சிஎச்மாட் 755 கொடுங்கள் (எல்லோரும் படிக்கவும் இயக்கவும் உரிமை). 711 போதாது, ஏனென்றால் கோப்பை இயக்கும் உரிமை மட்டுமல்ல, அதைப் படிக்கும் உரிமையும் வேண்டும். பெர்ல் அதைத் திறந்து படித்துத்தான் ஓட்டுகிறது. இனி உலாவியில் லோக்கல்ஹோஸ்ட்/சிஜிஐ-பின்/வணக்கம்.பிஎல்.

இரண்டு இரவு போன இடம்

நானே எழுதிய வணக்கம் உடனே வந்துவிட்டது. நண்பரின் நிரலோ 500 என்றது. டெர்மினலில் 'பெர்ல்' என்று தட்டி, அருகில் கோப்புப் பெயரைக் கொடுத்து ஓட்டினால் பட்டியல் அழகாக வருகிறது. பெர்ல் மைனஸ் சி கொடுத்துச் சோதித்தால் இலக்கணம் சரி என்கிறது. பிழைப்பதிவைப் பார்த்தேன் (/வார்/லாக்/அப்பாச்சி2/எரர்.லாக்): 'அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை' என்ற பொருளில் ஒரு வரி. கோப்பு கண்முன்னே இருக்கிறது! எல்எஸ் அடித்தால் தெரிகிறது. பெயரில் எழுத்துப்பிழையோ என்று மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டே முதல் இரவு போனது.

இல்லை என்று அது சொன்னது என் கோப்பை அல்ல, பெர்லை. விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறிகளைப் போடும், லினக்ஸ் ஒன்றைத்தான் போடும். அந்த உபரிக் குறி முதல் வரியின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பாச்சி கோப்பை நேரடியாக இயக்கச் சொல்லும்போது, லினக்ஸின் மையமான கெர்னல் முதல் வரியைப் படித்து, 'பெர்ல்' என்ற பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தும் சேர்ந்த நிரலைத் தேடுகிறது. அப்படி ஒன்று எங்கேயும் இல்லை. டெர்மினலில் நானே பெர்லைக் கூப்பிட்டபோது கெர்னல் அந்த வரியைப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை, பெர்லுக்கோ அந்தக் குறி ஒரு வெற்றிடம் மாதிரிதான். அதனால் ஓடியது.

கேட் மைனஸ் பெரிய ஏ கொடுத்துக் கோப்பைப் பாருங்கள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் டாலர் குறிக்கு முன்னால் ஒரு கூரைக்குறியும் பெரிய 'எம்'மும் தெரிந்தால் இதே நோய்தான். சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டாஸ்2யூனிக்ஸ் என்று அந்தக் கருவியை நிறுவி, கோப்பின் மேல் ஒருமுறை ஓட்டினால் தீர்ந்தது.

இதற்கு அப்புறம் நான் பிடித்துக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. நிரலைச் சோதிக்கும்போது என் பெயரில் சோதிப்பதில்லை. அப்பாச்சி, டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனராக, கோப்பை நேரடியாக இயக்குகிறது. நானும் அப்படியே செய்கிறேன்: சூடோ மைனஸ் யூ, அந்தப் பயனர் பெயர், பிறகு நிரலின் முழுப் பாதை. உரிமைச் சிக்கல், வரிமுடிவுச் சிக்கல், முதல் வரியில் தவறான பாதை எல்லாம் அங்கேயே வெளிப்பட்டுவிடும். உலாவியைத் திறக்கவே வேண்டாம்.

தமிழ் எழுத்து

தமிழ் அச்சிடுபவர்கள் இதையும் கவனியுங்கள். நிரலுக்குள் தமிழ் இருந்தால் யூஸ் யூடிஎஃப்8 என்ற வரியும், எஸ்டிடிஅவுட்டுக்கு (நிரல் அச்சிடும் வழி) யூடிஎஃப்-8 அடுக்கு கொடுக்கும் பின்மோட் வரியும் இரண்டுமே வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் பிழைப்பதிவில் 'வைட் கேரக்டர்' எச்சரிக்கை வரும். இரண்டாவது மட்டும் இருந்தால் தமிழ் இரண்டு முறை குறியேற்றப்பட்டுக் குப்பையாகும். இரண்டுமே இல்லாவிட்டால் பார்வைக்குச் சரியாகவே வரும், ஆனால் எண்ணிக்கை தவறும். 'அம்மா'வின் நீளத்தைக் கேட்டால் 15 என்று சொல்லும், அது பைட் கணக்கு. யூஸ் யூடிஎஃப்8 போட்டால் 5 என்று வரும், ஏனென்றால் புள்ளியையும் காலையும் தனித்தனியாக எண்ணுகிறது. நாம் எண்ணும் 3 வேண்டுமென்றால் தேடுகோவையில் (ரெஜெக்ஸ்) பின்சாய்கோடு பெரிய எக்ஸ் கொண்டு எண்ண வேண்டும்.

படிவங்களிலிருந்து தகவல் வாங்க சிஜிஐ.பிஎம் என்ற பெர்ல் மாட்யூல் இன்றும் உதவும். பெர்ல் 5.22-இல், அதாவது 2015-இல், அதை மூலத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். உபுண்டுவில் லிப்சிஜிஐ-பிஎம்-பெர்ல் என்ற பெயரில் தனியாக நிறுவிக்கொள்ளலாம். எச்டிஎம்எல் எழுத மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள். புதிதாக ஒன்றைத் தொடங்குவதானால் நான் மோஜோலிஷியஸ் என்ற பெர்ல் வலைச் சட்டகத்தைத்தான் எடுப்பேன்.

பின்சேர்க்கை 1: வீட்டு அடைவிலேயே நிரலை வைத்து ஓட்ட முயன்ற ஒருவருக்கு அனுமதி இல்லை என்று வந்தது. உபுண்டு 21.04 முதல் புதிய வீட்டு அடைவுகள் 750 உரிமையோடு உருவாகின்றன, அப்பாச்சியின் பயனரால் உள்ளே நுழைய முடியாது. அதைத் தளர்த்த வேண்டாம், நிரலைச் சிஜிஐ-பின்னுக்கே கொண்டுபோங்கள்.

பின்சேர்க்கை 2: நிரல் டிஎம்பி என்ற தற்காலிக அடைவில் எழுதிய கோப்பைக் காணோம் என்று இன்னொருவர் கேட்டார். கோப்பு தொலையவில்லை. சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி, அப்பாச்சிக்கென்று தனியாக ஒரு டிஎம்பி கொடுத்திருக்கிறது, கோப்பு அதற்குள் இருக்கும், அப்பாச்சியை நிறுத்தினால் அதுவும் போய்விடும். வைத்திருக்க வேண்டிய தகவலுக்கு /வார்/லிப்-இன் கீழ் ஓர் அடைவு உருவாக்கி, சிஎச்ஓன் கட்டளையால் அதை டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவுக்கு உரிமையாக்குங்கள். நூல்நிலையப் பட்டியல் இப்போது அங்கேதான் இருக்கிறது.