அலென்தேஜோவில் மூன்று மணிக்குச் சாப்பாடு கிடைக்காது

ஜூலை மாதம், மதியம் மூன்று மணி, போர்ச்சுகலின் அலென்தேஜோ பகுதியில் மொன்சராஸ் கோட்டைக்குள் ஒரு கல் தெரு. காலையில் கம்பளத்துக்குப் பெயர்போன அராயோலோஸில் அரை மணி நேரம், அப்புறம் எவோராவில் ரோமானியக் கோயில், சுவரெல்லாம் மனித எலும்புகள் பதித்த தேவாலயம். எல்லாவற்றையும் முடித்துவிட்டு, பசியோடு இங்கே வந்து இறங்கியிருந்தேன். கதவுகளெல்லாம் சாத்தியிருந்தன. திறந்திருந்த ஒரே உணவகத்தில் இருந்த அம்மா, அடுப்பை அணைத்தாயிற்று, ஏழரைக்கு வா என்று விரலால் கடிகாரத்தைக் காட்டினார். அன்றைய மதியச் சாப்பாடு காப்பியும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும். தப்பு அந்த அம்மா மேல் இல்லை. பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரைதான் அங்கே மதியச் சாப்பாடு. அதைத் தெரிந்துகொள்ளாமல் போனது நான்.

தேஜோ ஆற்றுக்கு அப்பால் என்பதுதான் அலென்தேஜோ என்ற பெயரின் பொருள். போர்ச்சுகலின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது, ஆட்கள்தான் குறைவு. நிதானமாக ஊர் சுற்ற வேண்டும் என்று கிளம்புகிறவர்கள்கூட கையில் ஓர் இடப்பட்டியலோடுதான் போகிறார்கள். அங்கே பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் இடங்களே அல்ல, வேலைகள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மாதமும் நேரமும் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் போனால், பத்து நாள் தங்கினாலும் சுவர்களைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

தக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்தின் தக்கையில் ஏறத்தாழ பாதி போர்ச்சுகலிலிருந்து வருகிறது, அதில் பெரும்பங்கு இந்தப் பகுதியிலிருந்து. தக்கை ஓக் மரத்தின் பட்டையை மே மாதக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரைதான் உரிக்க முடியும். மரம் வளர்ந்துகொண்டிருக்கும் அந்த மாதங்களில்தான் பட்டை உள்ளிருந்து விட்டுக்கொடுக்கும். கோடாரியால் கீறி, பிடியை நெம்புகோலாக வைத்துப் பலகை பலகையாகப் பெயர்ப்பார்கள். உள்தோலில் வெட்டு விழுந்தால் மரத்துக்குக் காயம், அதனால் இதைத் தேர்ந்த ஆட்கள்தான் செய்வார்கள். உரித்த மரம் செம்பழுப்பாக நிற்கும். அதன் மேல் வெள்ளைப் பெயின்டில் ஓர் எண் எழுதுவார்கள், உரித்த ஆண்டின் கடைசி இலக்கம். 4 என்றிருந்தால் 2024. அடுத்து ஒன்பது ஆண்டு கழித்துத்தான் அந்த மரத்தில் கை வைக்கலாம். மரத்துக்குச் சுமார் 25 வயதாகும்போது முதல் உரிப்பு. ஆனால் மதுப்புட்டி மூடிக்கு ஏற்ற பட்டை மூன்றாவது உரிப்பில்தான் கிடைக்கும், அதாவது நாற்பது வயதுக்கு மேல்.

இதைப் பார்க்காமல், எவோராவில் ஒரு தக்கைக் கைப்பையை வாங்கிக்கொண்டு திரும்புவது பலர் செய்யும் தவறு. பையில் குறையில்லை, ஆனால் கிராமத்துக்காரர்கள் தக்கையில் செய்தது பை அல்ல. மேய்ப்பர்களும் கூலிக்காரர்களும் சாப்பாடு ஆறாமல் வயலுக்கு எடுத்துப்போன தார்ரோ என்ற மூடி போட்ட தக்கைப் பாத்திரத்தைத் தேடிப் பாருங்கள்.

வெயிலை லேசாக நினைப்பது இன்னொரு தவறு. உள்நாட்டில் ஜூலை, ஆகஸ்டில் நாற்பது டிகிரி சாதாரணம். தக்கைக்காகப் போவதென்றால் ஜூன் தொடக்கம் பரவாயில்லை, காலையிலேயே தோப்புக்குப் போய்விட வேண்டும். மற்றபடி ஏப்ரல், மே மாதங்கள், இல்லையென்றால் இலையுதிர்காலம். என்னைக் கேட்டால் நவம்பர் என்பேன். காரணம், விதிகெய்ரா பக்கம் விலா டி ஃப்ராடெஸ் என்ற சிற்றூர். ஆள் உயரத் தாழிகளில் திராட்சையைத் தோலோடு நொதிக்க விடுகிறார்கள். தோலெல்லாம் மெல்ல அடியில் படிந்துவிடும். கீழே உள்ள துளையைத் திறந்தால், அந்தப் படிவே வடிகட்டியாகி, தெளிந்த மது ஒழுகும். ரோமானியர் காலத்து முறை. ஊருக்குப் பக்கத்திலேயே சாவ் குகுஃபாத்தே என்ற ரோமானிய மாளிகையின் இடிபாடு நிற்கிறது. தாழி திறக்கும் நாள் புனித மார்ட்டின் திருநாள், நவம்பர் 11. அக்டோபரில் போய் அதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

கைவினை என்றாலே கடை என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. அராயோலோஸில் நான் வீணாக்கிய அரை மணி நேரம் அப்படிப்பட்டது. கம்பளம் என்றதும் தறியில் நெய்தது என்று நினைத்துவிட்டேன். அது நெய்தது அல்ல. கெட்டித் துணியில் கம்பளி நூலால், சாய்வான குறுக்குத் தையலில், ஊசியால் முழுக்க நிரப்பியது. அது தெரிந்த பிறகு அந்த விலை கொள்ளையாகத் தெரியவில்லை. ஊர்ச் சதுக்கத்தைத் தோண்டியபோது பழைய சாயக்குழிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றையும் அங்கிருக்கும் கம்பள மையத்தையும் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குள் போங்கள்.

சாவ் பெட்ரோ டோ கொர்வாலில் இருபதுக்கும் மேற்பட்ட மண்பாண்டப் பட்டறைகள். முதல் பட்டறையிலேயே பையை நிரப்பாமல் நாலைந்தில் ஏறி இறங்குங்கள். எஸ்ட்ரமோஸின் மண்பொம்மைகள் 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. அந்த ஊருக்கு சனிக்கிழமை காலையில் போனால் பெரிய சதுக்கத்தில் சந்தையும் சேர்ந்து கிடைக்கும். திங்கள்கிழமை போகாதீர்கள், அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது அல்காசோவாஸ் பற்றி. மாட்டுக் கழுத்து மணி செய்யும் ஊர். இரும்புத் தகட்டைச் சூடாக்காமலே தட்டிக் கிண்ணம் போல மடிக்கிறார்கள். மேலே செம்புத் துண்டுகளை வைத்து, களிமண்ணும் வைக்கோலும் பிசைந்த கலவையால் பொதிந்து உலையில் இடுகிறார்கள். உள்ளே செம்பு உருகி இரும்பெல்லாம் படர்ந்துவிடும். எடுத்துத் தண்ணீரில் முக்கி, வெந்த மண்ணை உடைத்தால் மணி. அதோடு முடியவில்லை, சுத்தியலால் தட்டித் தட்டி நாதம் சேர்க்க வேண்டும். இதை உடனடியாகப் பாதுகாக்க வேண்டிய மரபு என்று 2015-இல் யுனெஸ்கோ அறிவித்தது. செய்கிறவர்கள் வெகு சிலர், பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களிடம் போய் "எனக்காக ஒரு தடவை செய்து காட்டுங்கள்" என்று கேட்காதீர்கள். முன்னதாகச் சொல்லிவைத்து, உலை மூட்டும் நாளில் போங்கள். போனால் ஒரு மணியாவது வாங்குங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி என்று மேசைக்கு வந்துவிடும். இலவசம் என்று சாப்பிட்டுவிட்டு பில்லைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று புலம்புகிறவர்கள் உண்டு. வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பலாம். நீங்கள் கேட்காததை, தொடாமலும் விட்டால், அதற்குக் காசு வாங்க அவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. (மேசை என்பதே அவர்களுடைய சொல்தான். ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் போர்ச்சுக்கீசியரிடமிருந்து நமக்கு வந்தவை. அங்கே மொழி தெரியாமல் தவிக்கும்போது இந்த நாலும் கைகொடுக்கும்.) ஒரு தட்டு இரண்டு பேருக்குக் காணும் என்பதால் "மெய்யா டோஸ்", அதாவது அரைப் பங்கு, கேட்கலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. சூப்பில் போடும் பன்றித் தொத்திறைச்சியை அங்கே பலர் ருசிக்கான பொருளாகத்தான் நினைப்பார்கள். முட்டை சேர்ப்பவர்களுக்கு அசோர்தா இருக்கிறது: பூண்டு, கொத்தமல்லித்தழை, கல்லுப்பு மூன்றையும் இடித்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, கொதிநீர் ஊற்றி, பழைய ரொட்டித் துண்டுகளையும் அவித்த முட்டையையும் போட்டுத் தருவார்கள். சில இடங்களில் அந்த நீர் உப்பிட்ட மீன் வேகவைத்ததாக இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த உணவை "அழகான எளிமை" என்று புகழ்வதும் ஒரு தவறுதான். பெரும் பண்ணைகள் சிலர் கையில், நிலமில்லாத கூலிகள் ஆயிரக்கணக்கில் என்று இருந்த பகுதி இது. 1929-இல் அரசு தொடங்கிய கோதுமை இயக்கம் இதை நாட்டின் களஞ்சியமாக்கப் பார்த்தது. கோதுமை அறுத்தவர் வீட்டில் ரொட்டியும் தண்ணீரும் பூண்டும்தான் மிஞ்சின. சர்வாதிகாரத்தை வீழ்த்திய 1974 புரட்சிக்குப் பின் கூலிகள் பண்ணைகளைக் கைப்பற்றியதும் இங்கேதான். செர்பா, கூபா என்ற இந்தப் பகுதி ஊர்கள் பக்கம் இசைக்கருவி இல்லாமல் தோளோடு தோள் உரசிப் பாடும் காந்தே பாட்டு அந்த வயல்களிலும் மதுக்கடைகளிலும் வளர்ந்தது. பாடும்போது பேசாதீர்கள், கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள்.

கடைசியாக, தங்குமிடம். லிஸ்பனில் அறை போட்டு நாள் பயணமாக வருவது வீண். எவோராவுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் கிராமங்களுக்குப் பேருந்து குறைவு, வார இறுதியில் இன்னும் குறைவு. ஒரே ஊரில் நாலு இரவு தங்கி, வாடகைக் காரில் சுற்றியுள்ளதைப் பாருங்கள். அல்கேவா ஏரிக்கரையில் தங்கினால் ஒரு நாள் லூஸ் கிராமத்துக்குப் போய்வாருங்கள். நேர்கோட்டுத் தெருக்களைப் பார்த்து, ஏதோ புது நகர் என்று காரைத் திருப்பிவிடாதீர்கள். புதுசுதான். அந்த ஏரியை உண்டாக்கிய அணை வந்து பழைய லூஸ் மூழ்கியபோது, 2002-இல் மக்கள் இங்கே குடிபெயர்ந்தார்கள். கல்லறைகளையும் தங்களோடு கொண்டுவந்தார்கள்.